யாருக்கு ‘வாங்க’, யாருக்கு ‘வா’?

கோவையில் மரியாதை குறைந்துவிட்டது என்ற பேச்சு இப்போது எல்லா இடத்திலும் கேட்கிறது. காந்திபுரத்தில் பேருந்து ஏறும்போது இடித்துத் தள்ளப்படுகிற பெரியவர் சொல்கிறார்; பின்னாலிருந்து விடாமல் அடிக்கும் ஹாரனுக்கு நடுவே சாலையோரம் ஒதுங்குகிறவர் சொல்கிறார். வழி கேட்பதற்குக்கூட ‘ஏனுங்க’ என்று தொடங்கிய ஊர், பெற்ற பிள்ளையையே ‘சாமி’, ‘கண்ணு’, ‘அம்மிணி’ என்று கூப்பிட்ட ஊர் இப்படி ஆகிவிட்டதே என்ற அந்த வருத்தம் பொய்யானது அல்ல. ஆனால் அதற்குச் சொல்லப்படும் காரணங்களை என்னால் ஏற்க முடியவில்லை. இளைய தலைமுறை கெட்டுவிட்டது, செல்போன் வந்து கெடுத்தது, வெளியூர்க்காரர்கள் நிறைந்துவிட்டார்கள் என்கிறார்கள். தெரிந்தவர்களுக்குள் கொங்கு மரியாதை இன்றும் அப்படியேதான் இருக்கிறது. எந்தக் கல்யாண மண்டபத்தின் வாசலிலும் அதைப் பார்க்கலாம். இன்னார் என்று தெரியாத ஒருவருக்குத் தர வேண்டிய மரியாதைதான் நம்மிடம் இல்லை. இழந்துவிட்டோம் என்று அதைச் சொல்வதும் சரியல்ல, ஏனென்றால் அதை நாம் பழகியதே இல்லை.

சாலையை எடுத்துக்கொள்வோம். நெரிசலைக் குறைப்பதற்காகக் கோவையின் முக்கியச் சந்திப்புகள் பலவற்றில் சில ஆண்டுகளுக்கு முன் சிக்னல்களை எடுத்துவிட்டு ‘யூ டர்ன்’ முறையைக் கொண்டுவந்தார்கள். வண்டிகள் தேங்காமல் போக அது உதவுகிறது. ஆனால் முன்பு நிற்கச் சொல்வதற்குச் சிவப்பு விளக்கு இருந்தது. யூ டர்னில் அப்படிச் சொல்ல எதுவும் இல்லை. நேரே வருகிறவர் வேகத்தைக் குறைத்தால்தான் திரும்புகிறவருக்கு வழி. நடந்து கடப்பவர் பாடு இன்னும் மோசம். சிவப்பு விழுந்த நேரத்தில் கடந்துகொண்டிருந்தவர், இப்போது முன்பின் தெரியாத ஓட்டுநரின் மனசை நம்பிச் சாலையில் இறங்க வேண்டியிருக்கிறது. பெரும்பாலும் அந்த மனசு இரங்குவதில்லை. அதே ஓட்டுநர் தன் வீதிக்குள் நுழைந்ததும் எதிரே வரும் தெரிந்தவருக்காக வண்டியை ஓரங்கட்டி, கண்ணாடியை இறக்கி, ‘சௌக்கியமுங்களா’ என்று விசாரிக்கிறார். அவரைப் பண்பில்லாதவர் என்று சொல்ல முடியாது. அவருடைய பண்பு அறிமுகத்தோடு நின்றுவிடுகிறது. ஆம்புலன்சுக்கு வழிவிடாவிட்டால் 10,000 ரூபாய் அபராதம் என்று 2019-இல் மோட்டார் வாகனச் சட்டத்தைத் திருத்தி எழுத வேண்டியிருந்தது. உள்ளே கிடப்பவர் யாரென்று தெரிந்திருந்தால், சட்டத்தைக் காட்டாமலேயே எல்லோரும் ஒதுங்கியிருப்பார்கள்.

பழைய மரியாதை இயங்கிய விதத்தில்தான் இதன் வேர் இருக்கிறது. ஊருக்குள் புதியவர் வந்தால் முதல் கேள்வி ‘எந்த ஊருங்க?’ அடுத்தது, யார் வீட்டுப் பிள்ளை என்பது. பதிலிலேயே சாதியும் சொத்தும் சொந்தபந்தமும் தெரிந்துவிடும். திண்ணையில் உட்கார வைப்பதா, வாசலில் நிறுத்துவதா, ‘வாங்க’ என்பதா, ‘வா’ என்பதா எல்லாம் அதற்குப் பிறகு முடிவாகும். பண்ணயத்தில் உழைத்த அருந்ததியர் முதியவரை, அவருடைய பேரன் வயதிருக்கும் பையன் பேர் சொல்லி ஒருமையில் கூப்பிட்டான். அவரோ அந்தப் பையனைச் ‘சாமி’ என்றார். பெற்ற பிள்ளையைக் கொஞ்சிக் கூப்பிடும் அதே சொல், அவருடைய வாயில் கும்பிடும் சொல்லாக இருந்தது. பண்ணயத்தில் ஆடு மேய்க்க விடப்பட்ட சிறுவர்களின் வாழ்க்கையைப் பெருமாள்முருகன் ‘கூளமாதாரி’ நாவலில் எழுதியிருக்கிறார். கொங்கு மரியாதையின் அருமை பேசுகிறவர்கள், அது யாரை எட்டவில்லை என்று அறிய அந்த நாவலை வாசிக்க வேண்டும். பெரியார் பிறந்த மண்டலம் இது. இங்கே கோவை மாவட்டத்துக் கிராமங்களில், டீக்கடைகளின் இரட்டைக் குவளை முறையை எதிர்த்து 2000-களிலும் போராட வேண்டியிருந்தது. ஆகவே, அந்தக் காலத்தில் எல்லோரும் எல்லோரையும் மதித்தார்கள் என்பது நினைவின் பிழை. ஆளைப் பார்த்து, இடத்தை அறிந்து, அளந்து கொடுத்த மரியாதை அது.

அளந்து கொடுத்தாலும் அதில் ஓர் ஒழுங்கு இருந்ததே, இப்போது அதுவும் போய்விட்டதே என்று கேட்கலாம். ஒழுங்கு இருந்தது உண்மை. ஆனால் அதன் செலவு முழுவதையும் கீழே நின்றவர்கள் ஏற்றார்கள். நகரத்தில் அந்த ஒழுங்கு நடக்கவும் நடக்காது. 2011-இல் கோவை மாநகராட்சி 72 வார்டுகளிலிருந்து 100 வார்டுகளாக விரிந்தது. இத்தனை பெரிய ஊரில் எதிரே வருகிறவரிடம் ‘எந்த ஊருங்க’ என்று கேட்டு அறிய நேரம் ஏது? கேட்க முடியாதபோது, சட்டையைப் பார்க்கிறோம், காரைப் பார்க்கிறோம், நிறத்தைப் பார்க்கிறோம். வெளியூர்க்காரர்களால் கெட்டது என்ற வாதமும் இங்கே விழுந்துவிடுகிறது. திருப்பூர் பின்னலாடை நிறுவனங்களிலும் கோவை பவுண்டரிகளிலும் உழைக்கும் வடமாநிலத் தொழிலாளியை ‘டேய்’ என்று கூப்பிடுகிறவர் யார்? ‘வடக்கன்’ என்ற சொல்லை வசையாக்கியது யார்? 2023 மார்ச்சில், அவர்கள் தாக்கப்படுவதாகப் பொய்க் காணொளிகள் பரவியபோது, அதிகாரிகள் தொழிலாளர்களிடமே போய், அது பொய், பயப்பட வேண்டாம் என்று சொல்ல வேண்டியிருந்தது. அந்த வதந்தியை அவர்கள் எளிதாக நம்பியதில், அன்றாடம் கேட்கும் ‘டேய்’க்கும் பங்கு உண்டு என்றே நினைக்கிறேன்.

இந்த ஊருக்கு மரியாதை பற்றிய உணர்ச்சி மரத்துப்போகவில்லை என்பதற்கு 2024 செப்டம்பரே சான்று. கொடிசியாவில் நடந்த கூட்டத்தில் ஒன்றிய நிதியமைச்சரிடம் அன்னபூர்ணா ஓட்டல் குழுமத்தின் சீனிவாசன், பன்னுக்கும் கிரீமுக்கும் உள்ள ஜிஎஸ்டி குழப்பத்தைச் சிரிக்கச் சிரிக்கச் சொன்னார். பிறகு அமைச்சரைத் தனியாகச் சந்தித்து அவர் வருத்தம் தெரிவித்த காட்சி காணொளியாக வெளியே வந்தது. கட்சி வேறுபாடு இல்லாமல் கோவை கொதித்தது. காணொளி வெளியானதற்காக அப்போதைய பாஜக மாநிலத் தலைவரே மன்னிப்புக் கேட்டார். வரி விகிதத்தை மறந்து, ஒரு பெரிய மனிதரை இப்படி நடத்தலாமா என்றே மக்கள் கேட்டார்கள். நியாயமான கோபம். அதே ஊரில் சம்பளத்துக்காகப் போராடிய ஒப்பந்தத் தூய்மைப் பணியாளர்களை நடத்தும் விதத்துக்காக அந்தக் கோபத்தில் பாதியாவது எழுந்ததா?

மரியாதை மனசிலிருந்து வர வேண்டும், உத்தரவு போட்டு வராது என்பார்கள். ஒப்பணக்கார வீதியின் ஜவுளிக்கடைகள் அதைப் பொய்யாக்குகின்றன. உள்ளே நுழைகிற எவரையும், ஊர் பேர் கேட்காமல், ‘வாங்க, உட்காருங்க’ என்று வரவேற்கப் பதினெட்டு வயது விற்பனைப் பெண்கள் பழக்கப்படுத்தப்படுகிறார்கள். பழக்கினால் பழகும். வாடிக்கையாளருக்கு முடிந்தது, அரசு மருத்துவமனைச் சீட்டு வரிசையில் நிற்பவருக்கும் காவல் நிலையத்தில் புகார் கொடுக்க வந்தவருக்கும் முடியாமல் போவதில்லை. 2021-இல் அரசு நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லாப் பயணம் வந்தது. அடுத்த ஆண்டே அன்றைய அமைச்சர் பொன்முடி மேடையில் அந்தப் பயணத்தை ‘ஓசி’ என்று சொன்னார், எதிர்ப்பும் கிளம்பியது. பணம் கொடுக்காதவருக்கு மரியாதை எதற்கு என்ற எண்ணம் அமைச்சர் வரை இருந்ததைத்தான் அது காட்டியது. ஆகவே, மாற்றம் பள்ளி நீதிபோதனை வகுப்பிலிருந்து அல்ல, அரசு மனிதரைச் சந்திக்கும் இடங்களிலிருந்து தொடங்க வேண்டும். மாநகராட்சியின் வார்டுகளில் விடிவதற்குள் தூய்மைப் பணியாளர்கள் வருகைப் பதிவுக்கு வந்து நிற்கிறார்கள். துப்புரவு என்ற பணிப்பெயரைத் தூய்மை என்று அரசு மாற்றியது. மேற்பார்வையாளர்கள் அவர்களைக் கூப்பிடும் விதமும் மாற வேண்டும். ஊழியர், அதிகாரி, மனுக் கொடுக்க வந்தவர் யாராயினும் பன்மையில்தான் பேச வேண்டும், மீறினால் விளக்கம் கேட்கப்படும் என்று ஆணையர் ஒரு சுற்றறிக்கை அனுப்பலாம். அதற்கு நிதி ஒதுக்கீடு வேண்டாம், டெல்லியின் அனுமதி வேண்டாம். அடுத்த மாமன்றக் கூட்டத்திலேயே தீர்மானமாகக் கொண்டுவரலாம்.