காற்றில் கார்பன் ஏறினால் சோற்றில் சத்து இறங்குமா? நெல் வயல் ஆய்வுகள் சொல்வது என்ன?

பருவநிலை மாற்றம் என்றதும் வெள்ளம், வறட்சி, புயல், கொளுத்தும் வெயில்... இவைதான் நம் நினைவுக்கு வரும். ஆனால், சத்தமே இல்லாமல் நம் சாப்பாட்டுத் தட்டிலும் அதன் பாதிப்பு தெரியும் என்கிறார்கள் தாவரங்களை ஆராயும் விஞ்ஞானிகள். காற்றில் கார்பன் டை ஆக்சைடு கூடினால் நெல் விளைச்சல் கொஞ்சம் கூடும். ஆனால், அந்த அரிசியில் இருக்கும் புரதமும் இரும்புச்சத்தும் துத்தநாகம் எனும் ஜிங்க்கும் குறையும்.

பார்க்க அதே சோறுதான். வயிறும் நிறையும். ஆனால், உடம்பில் சேர வேண்டியது முழுசாகச் சேராது. இது எப்படி நடக்கிறது? யாருக்குப் பாதிப்பு? என்ன செய்யலாம்? விரிவாகப் பார்க்கலாம்.

கார்பன் டை ஆக்சைடு செடிக்கு நல்லதுதானே?

பலரும் கேட்கும் கேள்வி இது. செடிகள் கார்பன் டை ஆக்சைடை எடுத்துக்கொண்டுதான் தங்களுக்கான உணவைத் தயாரிக்கின்றன. பள்ளிக்கூடத்திலேயே படித்ததுதான். அப்போ அது கூடினால் செடிக்கு லாபம்தானே?

ஒரு பாதி உண்மை. தொழிற்புரட்சிக்கு முன் காற்றில் பத்து லட்சத்தில் சுமார் 280 பங்கு கார்பன் டை ஆக்சைடு இருந்தது. 1958-ல் ஹவாய் தீவின் மௌனா லோவா ஆய்வு மையத்தில் அளக்கத் தொடங்கியபோது அது சுமார் 315. இப்போது 420-ஐத் தாண்டிவிட்டது. இதனால் நெல், கோதுமை போன்ற பயிர்கள் வேகமாக வளர்வது உண்மை.

ஆனால், வேகமாக வளர்வது வேறு, சத்தோடு வளர்வது வேறு.

பாசியில் தொடங்கிய சந்தேகம்

1990-களின் பிற்பகுதி. அமெரிக்காவின் அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகத்தில் கணிதம் படித்துக்கொண்டிருந்தார் ஜார்ஜியா நாட்டைச் சேர்ந்த இராக்லி லோலாட்ஸே. அங்கே உயிரியல் ஆய்வாளர்கள், தண்ணீரில் வளரும் பாசிக்குக் கூடுதல் வெளிச்சம் கொடுத்துப் பார்த்தார்கள். பாசி மளமளவென வளர்ந்தது. அதைத் தின்னும் நுண்ணுயிர்களுக்கு இனி விருந்துதான் என்று எதிர்பார்த்தால், அவை தடுமாறத் தொடங்கின. தீனி நிறைய இருந்தது. தீனியில் சத்துதான் இல்லை.

வெளிச்சத்துக்குப் பதிலாக கார்பன் டை ஆக்சைடு கூடினால், நிலத்தில் விளையும் பயிர்களுக்கும் இதே கதி வருமா? லோலாட்ஸேவை இந்தக் கேள்வி விடவில்லை. உலகம் முழுவதும் நடந்த ஆய்வுகளின் தரவுகளைத் திரட்டி 2014-ல் அவர் வெளியிட்ட முடிவு: கார்பன் டை ஆக்சைடு கூடும்போது தாவரங்களில் தாதுச்சத்துகள் சராசரியாக 8 சதவீதம் குறைகின்றன. மாவுச்சத்தும் சர்க்கரையும் கூடுகின்றன.

வயலுக்குள் ஒரு 'எதிர்காலம்'

இதை எப்படிச் சோதிப்பது? கண்ணாடி அறைக்குள் தொட்டியில் வளர்த்தால் உண்மையான வயல் மாதிரி இருக்காது. அதனால்தான் 'ஃபேஸ்' என்ற முறை வந்தது. திறந்தவெளி வயலிலேயே பயிரைச் சுற்றி எட்டுமூலை வடிவில் குழாய்களைப் பொருத்துவார்கள். எந்தப் பக்கம் காற்று அடிக்கிறது என்பதைக் கருவிகள் பார்த்துக்கொண்டே இருக்கும். அதற்கேற்ப குழாயிலிருந்து கார்பன் டை ஆக்சைடு வெளிவரும். மழை, வெயில், பூச்சி எல்லாம் இயல்பாகவே இருக்கும். வட்டத்துக்குள் இருக்கும் காற்று மட்டும் சில பத்தாண்டுகளுக்குப் பிந்தைய காற்று.

ஜப்பானிலும் சீனாவிலும் இப்படி 18 நெல் ரகங்களை வளர்த்துப் பார்த்த ஆய்வு, 2018-ல் 'சயின்ஸ் அட்வான்சஸ்' இதழில் வெளியானது. கார்பன் டை ஆக்சைடு அளவு 568 முதல் 590 வரை வைக்கப்பட்டிருந்தது. உமிழ்வு குறையாவிட்டால் இந்த நூற்றாண்டுக்குள் உலகம் எட்டக்கூடிய அளவு இது. கிடைத்த அரிசியில் சராசரியாக,

புரதம்: 10 சதவீதம் குறைவு
இரும்புச்சத்து: 8 சதவீதம் குறைவு
ஜிங்க்: 5 சதவீதம் குறைவு

சீனாவில் வளர்த்த 9 ரகங்களில் பி வைட்டமின்களும் அளக்கப்பட்டன. வைட்டமின் பி1 சுமார் 17 சதவீதமும், ஃபோலேட் எனப்படும் பி9 சுமார் 30 சதவீதமும் குறைந்திருந்தன. கர்ப்பிணிகளுக்கு மாத்திரையாகக் கொடுக்கப்படும் ஃபோலிக் அமிலம், இந்த பி9-ன் இன்னொரு வடிவம்தான்.

சத்து ஏன் குறைகிறது?

இதற்கு விஞ்ஞானிகள் முக்கியமாக மூன்று காரணங்களைச் சொல்கிறார்கள்.

முதலாவது, நீர்த்துப்போவது. செடி மாவுச்சத்தை நிறையத் தயாரிக்கிறது. ஆனால், வேர் மண்ணிலிருந்து எடுக்கும் தாதுக்கள் அதே வேகத்தில் கூடுவதில்லை. ஒரே அளவு பருப்பைப் போட்டு இன்னும் நாலு பேருக்காகத் தண்ணீர் ஊற்றிய சாம்பார் மாதிரிதான்.

இரண்டாவது, இலைத்துளைகள். கார்பன் டை ஆக்சைடு தாராளமாகக் கிடைத்தால் இலைகள் தங்கள் துளைகளை முழுசாகத் திறக்க வேண்டியதில்லை. இலை வழியாக ஆவியாகும் தண்ணீர் குறையும். செடிக்குத் தண்ணீர் மிச்சம்தான். ஆனால், வேரை நோக்கி அந்தத் தண்ணீரோடு வந்துசேரும் சத்துகளும் குறையும்.

மூன்றாவது, நைட்ரஜன். காற்றிலிருந்து கார்பனைப் பிடிக்க 'ரூபிஸ்கோ' என்ற புரதத்தை இலைகள் ஏராளமாக வைத்திருக்கின்றன. கார்பன் சுலபமாகக் கிடைத்தால் இது குறைவாக இருந்தாலே போதும். புரதம் குறைய இதுவும் ஒரு காரணம்.

பத்து சதவீதம்தானே, பெரிய விஷயமா?

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 100 கிராம் அரிசியில் சுமார் 7 கிராம் புரதம் இருக்கும். ஒரு நாளைக்கு 300 கிராம் அரிசி சாப்பிடுபவருக்கு அதிலிருந்து 21 கிராம் கிடைக்கிறது. 10 சதவீதம் குறைந்தால் அது 19 கிராமுக்குக் கீழே போகும்.

தட்டில் முட்டை, மீன், பருப்பு, பால் எல்லாம் இருக்கிற வீட்டுக்கு இந்த 2 கிராம் பெரிதில்லை. ஆனால், சோறும் ஊறுகாயும், சோறும் ரசமும்தான் பெரும்பாலான நாட்களில் என்றிருக்கிற வீட்டில் ஈடுகட்ட வேறு எதுவும் இல்லை. உலகில் சுமார் 60 கோடி பேருக்கு அன்றாட ஆற்றல் அல்லது புரதத்தில் பாதிக்கு மேல் அரிசியிலிருந்துதான் வருகிறது.

இந்தியாவுக்கு இது கூடுதல் கவலை. தேசிய குடும்பநல ஆய்வு-5ன்படி, 15 முதல் 49 வயதுக்குட்பட்ட பெண்களில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை இருக்கிறது. ஹார்வர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2018-ல் வெளியிட்ட மதிப்பீட்டின்படி, கார்பன் டை ஆக்சைடு 550-ஐ எட்டும்போது இந்தியாவில் மட்டும் கூடுதலாக 5 கோடி பேர் ஜிங்க் குறைபாட்டுக்கும், 3.8 கோடி பேர் புரதக் குறைபாட்டுக்கும் ஆளாகலாம். பாதிக்கப்படும் நாடுகளில் இந்தியாதான் முதலிடம்.

அப்போ கூடுதல் விளைச்சலாவது மிஞ்சுமா?

அதிலும் சிக்கல் இருக்கிறது. கார்பன் டை ஆக்சைடு தனியாக வருவதில்லை, வெப்பத்தையும் கூட்டிக்கொண்டு வருகிறது. பிலிப்பைன்ஸில் உள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிறுவனத்தின் வயல் தரவுகளை வைத்து 2004-ல் ஓர் ஆய்வு வெளியானது. வறண்ட பருவத்தில் இரவு வெப்பநிலை 1 டிகிரி கூடினால் விளைச்சல் 10 சதவீதம் குறைகிறது என்றது அது. பூக்கும் நேரத்தில் கடும் வெயில் அடித்தால் நெல் பதராகிவிடும் என்பது விவசாயிகளுக்குத் தெரிந்ததுதான்.

தேனீக்களும் தப்பவில்லை

காட்டுச்செடிகளிலும் இதே கதைதான். வட அமெரிக்காவில் 'கோல்டன்ராட்' என்றொரு மஞ்சள் பூச்செடி இருக்கிறது. குளிர்காலத்துக்கு முன் தேனீக்களுக்குக் கிடைக்கும் கடைசி மகரந்தங்களில் இதுவும் ஒன்று. ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் 1842 முதல் பாதுகாக்கப்பட்டிருந்த பூக்களை ஆய்வாளர்கள் சோதித்தார்கள். மகரந்தத்தில் இருந்த புரதம் மூன்றில் ஒரு பங்கு குறைந்திருந்தது. இது எதிர்காலக் கணிப்பு கிடையாது, ஏற்கெனவே நடந்துவிட்ட மாற்றம்.

என்ன செய்யலாம்?

நம்பிக்கை தரும் விஷயங்களும் இருக்கின்றன. சோதித்த 18 ரகங்களும் ஒரே அளவில் சத்தை இழக்கவில்லை. சில ரகங்கள் ஓரளவு தாக்குப்பிடித்தன. அவற்றை வைத்துப் புதிய ரகங்களை உருவாக்க முடியும். ஹைதராபாத்தில் உள்ள இந்திய நெல் ஆராய்ச்சி நிறுவனம், 'டிஆர்ஆர் தன் 45' என்ற ஜிங்க் அதிகமுள்ள ரகத்தை ஏற்கெனவே வெளியிட்டிருக்கிறது.

செறிவூட்டப்பட்ட அரிசியில் இரும்புச்சத்து, ஃபோலிக் அமிலம், வைட்டமின் பி12 சேர்க்கப்படுகின்றன. ஆனால், புரத இழப்பை இதனால் ஈடுகட்ட முடியாது. அதற்கு பருப்பு, முட்டை போன்றவை எளிய மக்களுக்கும் கட்டுப்படியாகும் விலையில் கிடைக்க வேண்டும்.

இன்னொரு வழி சிறுதானியங்கள். சோளமும் மக்காச்சோளமும் கார்பனைத் தங்களுக்குள் செறிவாக்கிப் பயன்படுத்தும் 'சி4' வகைப் பயிர்கள். ஃபேஸ் சோதனைகளில் இவற்றின் சத்துகள் நெல், கோதுமை அளவுக்குப் பாதிக்கப்படவில்லை. நம்ம ஊர் கம்பும் கேழ்வரகும் இதே சி4 வகைதான்.

இவை எல்லாமே பாதிப்பைச் சமாளிக்கும் வழிகள். பாதிப்பைத் தடுக்க நிலக்கரி, பெட்ரோல், டீசல் புகை குறைய வேண்டும். அதை அதிகமாக வெளியிடும் நாடுகளும் நிறுவனங்களும் ஒன்று. அதன் விலையைச் சோற்றுத் தட்டில் கொடுக்கப்போகிற குடும்பங்கள் வேறு. பருவநிலை மாநாடுகளில் வளரும் நாடுகள் திரும்பத் திரும்ப நீதி கேட்பதற்கு இதுவும் ஒரு காரணம்.