விளையாடாத மைதானத்துக்கு எதற்கு விருது?

விளாங்குடியில் இருப்பவருக்கு கோலாலம்பூர் மெர்டேக்கா மைதானம் பற்றி என்ன கவலை என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் அந்தக் கதை மதுரைக்காரர்களுக்கும் பாடம்.

'மெர்டேக்கா' என்றால் மலாய் மொழியில் சுதந்திரம். 1957 ஆகஸ்ட் 31 அன்று துங்கு அப்துல் ரகுமான் விடுதலையை அறிவித்தது இந்த மைதானத்தில்தான். அதே ஆண்டு மெர்டேக்கா கோப்பை கால்பந்துப் போட்டியும் தொடங்கியது. ஆசியாவின் பெரிய அணிகள் எல்லாம் வந்து ஆடின. இந்தியா கூட 1959, 1964 ஆகிய ஆண்டுகளில் இரண்டாமிடம் பிடித்தது. இன்றைய இந்தியக் கால்பந்தைப் பார்ப்பவர்கள் இதை நம்பினால் ஆச்சரியம்!

தமிழர்களுக்கும் இதில் பங்குண்டு. தனபாலன், சந்திரன் என்று மலேசிய அணியில் ஆடியவர்கள் பலர். கோல்கீப்பர் ஆறுமுகத்தை 'ஸ்பைடர்மேன்' என்றே அழைத்தார்கள். 1980 ஏப்ரல் 6 அன்று இங்கேதான் மலேசியா தென்கொரியாவை 2-1 என்று வென்று மாஸ்கோ ஒலிம்பிக்கிற்குத் தகுதி பெற்றது. ஆப்கானிஸ்தான் பிரச்சினையால் நாடு புறக்கணித்தது, அணி போகவே இல்லை. அந்த அணியின் கதைதான் 2016-ல் 'ஓலா போலா' என்ற படமாக வந்தது.

பிறகு என்ன ஆனது? 1998-ல் புக்கிட் ஜாலிலில் பிரம்மாண்டமான மைதானம் வந்தது. தேசிய அணி அங்கே போய்விட்டது. பழைய மைதானத்தை இடித்துவிட்டுக் கட்டடம் எழுப்பும் திட்டமும் இருந்தது. அதைத் தடுத்ததில் 1997 ஆசிய நிதி நெருக்கடிக்குப் பெரிய பங்குண்டு. பணம் இல்லாததால் பிழைத்த மைதானம்! பின்னர் 1957-ல் இருந்த தோற்றத்திற்கே திருப்பினார்கள். 2008-ல் யுனெஸ்கோவின் ஆசிய பசிபிக் மரபுப் பாதுகாப்பு விருதும் கிடைத்தது. இப்போது பக்கத்திலேயே 678.9 மீட்டர் உயரத்தில் மெர்டேக்கா 118 கோபுரம் நிற்கிறது.

"அதான் இடிக்காமல் வைத்திருக்கிறார்களே, இன்னும் என்ன வேண்டும்?" என்று கேட்பவர்கள் உண்டு. திருமலை நாயக்கர் மகாலையும் அப்படித்தானே வைத்திருக்கிறோம் என்பார்கள். இந்த ஒப்பீடுதான் தவறு. மகாலில் இனி தர்பார் நடக்காது, ஏனென்றால் மன்னர்கள் இல்லை. ஒலி-ஒளிக் காட்சி போதும். ஆனால் கால்பந்து செத்துவிட்டதா? தெருவுக்குத் தெரு பையன்கள் பந்து உதைக்கிறார்கள். ஆட்டம் உயிரோடு இருக்கும்போது அதன் வீட்டை மட்டும் அருங்காட்சியகமாக்குவது என்ன நியாயம்?

எண்பதாயிரத்துக்கும் மேல் கொள்ளும் புக்கிட் ஜாலிலில் பள்ளி அணிகளின் இறுதிப் போட்டியை வைத்தால் காலி இருக்கைதான் கண்ணில் படும். சுமார் இருபதாயிரம் பேர் அமரும் மெர்டேக்கா அதற்குச் சரியான அளவு. ஆறுமுகம் நின்ற கோல் கம்பத்துக்கு நடுவில் இன்று ஒரு பள்ளிக்கூடத்துப் பையன் நின்றால், அதைவிடப் பெரிய மரபுப் பாதுகாப்பு என்ன இருக்கிறது?

புதியது கட்டும் ஊர்கள் எல்லாம் யோசிக்கட்டும், மதுரையும் சேர்த்துத்தான். கீழக்கரையில் 2024 ஜனவரியில் ஜல்லிக்கட்டு அரங்கமே திறந்தாயிற்று. திறப்பு விழாவில் கூட்டம் கூடுவது பெரிய விஷயமில்லை. முப்பது வருஷம் கழித்தும் உள்ளே ஆட்டம் நடக்கிறதா என்பதுதான் கேள்வி. கல்வெட்டும் விருதும் சுவருக்கு. மைதானத்துக்குத் தேவை ஆட்டம்.