கழிவுநீருக்குத் தோட்ட எல்லை தெரியாது

மலையிலே விழுந்த நீர் பள்ளத்தை நாடுவது இயற்கை. அந்நீரிலே மனிதர் கழிவு கலவாமற் காப்பது ஆட்சியின் கடமை. பதுளைத் தோட்டங்களிலே இக்கடமையை ஏற்பார் யார்?

வழக்கொன்றன் பொருட்டுப் பதுளைக்குச் சென்றபோது தோட்டமொன்றின் லயத்தைக் காண நேர்ந்தது. மலசலகூடம் இருந்தது, குழியும் இருந்தது. ஆனால், குழி நிரம்பி வழிந்த நீர், குளித்த நீரோடும் பாத்திரம் கழுவிய நீரோடும் கானிலே சேர்ந்து சரிவில் இறங்கிற்று. கீழ் லயத்தார் குடிநீர் பிடிக்கும் பீலி அச்சரிவின் அடியிலேதான். அதற்கும் கீழே மரக்கறித் தோட்டம். குடிப்பவருக்கும் பயிரிடுபவருக்கும் கேடு ஒன்றே.

இக்கேடு புதிதன்று. 1916ஆம் ஆண்டிலே ராக்பெல்லர் அறநிலையம் இலங்கையிலே கொழுக்கிப்புழு ஒழிப்பு இயக்கத்தைத் தொடங்கிற்று. மலம் கலந்த மண்ணை வெறுங்காலோடு மிதிப்பவர் உடலிலே அப்புழு புகும். மருந்து மட்டும் போதாது, மலசலகூடமும் வேண்டும் என்பது அன்றே தெளிவாயிற்று. நூறாண்டு கடந்துவிட்டது.

இன்று, கூடம் கட்டிவிட்டோம் என்கின்றனர். அது பாதி வேலையே. மலக்குழியிலே திண்மம் அடியிற் படியும். வெளியேறும் நீரிலோ நோய்க்கிருமி உயிரோடிருக்கும். அதனை உறிஞ்சுகுழியிலோ, சரளைக்கல் பரப்பி நாணல் நட்ட படுகையிலோ செலுத்தித் தூய்மை செய்தல் வேண்டும். மண் ஆழமற்ற செங்குத்துச் சரிவிலே உறிஞ்சுகுழி மட்டும் பயன்தராது. நீர் சற்றுத் தூரத்திலே மீண்டும் வெளிப்படும். படிந்த கசடைக் காலந்தோறும் அகற்றவும் ஒருவர் பொறுப்பேற்க வேண்டும்.

"சட்டத்தில் இடமில்லை" என்று கைவிரித்த காலம் ஒன்றிருந்தது. 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைச் சட்டத்தைக் காட்டி, தோட்டத்துள் சபைப் பணத்தைச் செலவிட முடியாதென்றனர். வாக்குக் கேட்க மட்டும் தோட்டத்து வாயில் திறந்திருந்தது! 2018இல் அச்சட்டம் திருத்தப்பட்டது. இனிச் சபை கம்பனியைக் காட்டுவதும், கம்பனி சபையைக் காட்டுவதும் நீதியாகா. கம்பனித் தோட்டங்களின் நிலம் அரசினுடையது. 1992 முதல் நிர்வாகம் கம்பனிகளுடையது. வாழ்வோர் சபையின் வாக்காளர். மூவரும் பொறுப்பாளிகளே.

பணமில்லை என்பாரும் உளர். வயிற்றோட்டத்தாற் படுத்த தொழிலாளி இழக்கும் நாட்சம்பளம் யார் கணக்கிலே சேர்கிறது?

செய்யவேண்டியவை மூன்று. ஒவ்வொரு பிரதேச சபையும் தன் வரவுசெலவுத் திட்டத்திலே தோட்டக் கழிவுநீருக்கெனத் தனித் தலைப்பு ஒதுக்குக. பொதுச் சுகாதாரப் பரிசோதகர் துணையோடு பீலி நீரைச் சோதித்து, முடிவைத் தமிழிலே மக்களுக்கு அறிவிக்குக. இவற்றுக்கும் அசையாராயின், பொதுத் தொல்லையை அகற்றக் கட்டளையிடும் அதிகாரத்தை 1979ஆம் ஆண்டின் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டத்து 98ஆம் பிரிவு நீதவானுக்கு அளித்திருக்கிறது. என்னோடு தொழில் புரியும் சட்டத்தரணிகளே, இவ்வழக்குகளைக் கட்டணமின்றி ஏற்போம்.

பதுளை ஓயா மகாவலியிலே கலக்கிறது; மகாவலி திருகோணமலையின் கொட்டியாரக் குடாவிலே கடலை அடைகிறது. இடையிலே எத்தனை வயல்கள்! மலையின் அழுக்கு மலையோடு நிற்பதில்லை. ஆகவே இது லயத்து மக்களின் குறை மட்டுமன்று. தமிழ் உழவரே, கற்றோரே, இது நம் அனைவரின் வழக்கு. வாதாட எழுவோம்!