குறிப்பேட்டுடன் வந்த வேட்பாளர்



2019ஆம் ஆண்டுத் திருவருகைக் காலம் நம் சிற்றூர்களில் பலருக்கு நினைவிருக்கும். தமிழக ஊரக உள்ளாட்சித் தேர்தலின் முதற்கட்ட வாக்குப்பதிவு டிசம்பர் 27ஆம் நாள் என்று அறிவிக்கப்படவே, கிறிஸ்து பிறப்புக் கீதம் பாடுவோரும் வாக்குக் கேட்போரும் ஒரே தெருவில் முட்டிக்கொண்டனர். எந்தத் தாளம் எவருடையது என்றே விளங்கவில்லை!

அந்நாட்களில் ஒரு மாலை, எங்கள் ஊரில் தையல் தொழில் செய்யும் சகோதரி ஒருவர் குருமனைக்கு வந்தார். ஊராட்சி வார்டு உறுப்பினர் பதவிக்கு மனு கொடுத்திருந்தார். அப்பதவிக்குக் கட்சிச் சின்னம் கிடையாது. தெரிந்த முகம்தான் முதல்.

“சாமி, ஞாயிறு பூசையில் எனக்காக ஒரு வார்த்தை சொல்லுங்கள்” என்றார்.

பிரசங்க மேடை அதற்கான இடமன்று என மறுத்தேன். “வீடு வீடாகப் போ, அம்மா. பேசுவதைக் குறைத்து, அவர்கள் சொல்வதைக் கேள்” என்றேன். எனக்கென்ன, சொல்லிவிட்டேன், நடந்தவர் அவரல்லவா!

எண்பது பக்கக் குறிப்பேடு ஒன்றை வாங்கிக்கொண்டு புறப்பட்டார். மேட்டுத்தெருவுக்குக் குழாய்த் தண்ணீர் ஏறுவதில்லை. பள்ளிக்கூட மூலையில் விளக்கு எரிவதில்லை. முதியோர் உதவித்தொகைக்குக் கொடுத்த மனு என்னவாயிற்றென்று ஒரு பாட்டிக்குத் தெரியவில்லை. அனைத்தையும் கதவு எண்ணோடு எழுதிக்கொண்டார். “தோற்றுவிட்டால் இதை என்ன செய்வாய்?” என்று சிரித்தவர்களும் உண்டு.

ஒரு வீட்டில் மட்டும், திண்ணையைவிட்டு எழாமலே, “ஓட்டுக்கு எவ்வளவு?” என்று கேட்டார்களாம். அப்பதவிக்கு நிற்பவர் செலவிட மாநிலத் தேர்தல் ஆணையம் அனுமதித்த தொகையே 9,000 ரூபாய்தான். அதுவும் அவர் கையில் இல்லை. வாக்குக்குப் பணம் கொடுப்பது மட்டுமன்று, வாங்குவதும் குற்றமென்று அன்று நடப்பிலிருந்த இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 171-பி பிரிவு கூறியது. சட்டம் கிடக்கட்டும். அது எங்கள் ஆலயத்தில் ஞாயிறுதோறும் வாசகம் வாசிப்பவரின் வீடு என்று அறிந்தபோது, அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை. ஒரு வேட்பாளருக்காகப் பேச மறுத்தது சரியே. ஆனால், வாக்கை விற்காதீர்கள் என்று பொதுவாகவேனும் சொல்லியிருக்கலாமே! எவருக்கும் சார்பாகாத அந்தச் சொல்லையும், ஊர்ப் பெரியவர்கள் மனம் கோணுவார்களே என்று விழுங்கியவன் நான்.

பதினொரு வாக்குகளில் அச்சகோதரி தோற்றார்.

குறிப்பேட்டை அவர் மூடி வைக்கவில்லை. வாக்காளர் பட்டியலில் பெயருள்ள ஒவ்வொருவரும் கிராம சபையின் உறுப்பினரே. அங்கே எழுந்து பேசப் பதவி வேண்டியதில்லை. 2020ஆம் ஆண்டு குடியரசு நாளன்று கூடிய சபையில் எழுந்து, கதவு எண் வாரியாகப் படித்தார். வென்றவர் முதலில் முகம் சுளித்தார். பிறகு, “அந்த நோட்டைக் கொஞ்சம் கொடும்மா” என்று வாங்கிப் பார்த்தார். தீர்மானப் புத்தகத்தில் கையொப்பமிட்டவர்களுள் நம் வாசகரும் ஒருவர். அவர் வீடும் மேட்டுத்தெருவில்தான்.

பள்ளிக்கூட மூலையில் அடுத்த மாதமே விளக்கு எரிந்தது. தண்ணீர்க் குழாய் வேலையோ, கொரோனா ஊரடங்கில் கிராம சபைகள் நின்றுபோகவே, நெடுநாள் கிடப்பில் கிடந்தது.