பட்டியல் போடும் நாற்காலியில் யார்?

அமெரிக்காவின் 'விஎச்1 கிளாசிக்' சேனலில் 2008 முதல் 2015 வரை 'தட் மெட்டல் ஷோ' என்றொரு அரட்டை நிகழ்ச்சி ஓடியது. வானொலித் தொகுப்பாளர் எடி ட்ரங்க், நகைச்சுவைக் கலைஞர்கள் டான் ஜேமிசன், ஜிம் ஃப்ளோரன்டைன் ஆகிய மூவரும் உட்கார்ந்து ஹெவி மெட்டல் இசையைப் பற்றிப் பேசுவார்கள். இசைக்குழுக்காரர்கள் விருந்தினர்களாக வருவார்கள். தலைசிறந்த ஐந்து எவை என்று பட்டியல் போட்டு மல்லுக்கட்டுவார்கள். பார்வையாளர்கள் கேள்வி கேட்டு ட்ரங்கை மடக்கப் பார்ப்பார்கள். மடக்கியவருக்குப் பரிசு உண்டு.

இதில் அரசியல் எங்கே இருக்கிறது என்று கேட்கலாம். ஒரு இசையின் வரலாற்றை யார் சொல்கிறார்கள், எதைத் தெரிந்து வைத்திருந்தால் 'விஷயம் தெரிந்தவர்' என்று ஒப்புக்கொள்கிறார்கள் என்பதில்தான் இருக்கிறது.

முதலில் நியாயமாக ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். மெட்டல் ஏளனம் செய்யப்பட்ட இசை. இரைச்சல், காட்டுக்கூச்சல், பிள்ளைகளைக் கெடுப்பது என்றெல்லாம் அதைத் தூற்றினார்கள். 1985இல் அமெரிக்க செனட் குழு பாடல் வரிகள் குறித்து விசாரணையே நடத்தியது. 'ட்விஸ்டட் சிஸ்டர்' குழுவின் டீ ஸ்னைடர் அங்கே நேரில் போய்ப் பதில் சொன்னார். பறையை இரைச்சல் என்று சொன்ன வாய்களை அறிந்த நமக்கு அந்த ஏளனத்தின் வாடை புதிதல்ல. அப்படிப்பட்ட இசைக்கு ஒரு மேசையும் நாற்காலியும் போட்டு, அதன் கலைஞர்களை மரியாதையோடு பேசவைத்த நிகழ்ச்சி அது. அந்த மரியாதை தேவையானது.

அந்த மரியாதைக்கு உரியவர்கள் யார்? இங்கிலாந்தின் பர்மிங்காம் நகரில் தொழிற்சாலைப் புகைக்கு நடுவே இருந்த ஆஸ்டன் பகுதியில், 1968இல் நான்கு இளைஞர்கள் சேர்ந்தார்கள். பிறகு 'பிளாக் சாபத்' என்று பெயர் வைத்துக்கொண்டார்கள். பாடகர் ஆஸி ஆஸ்போர்ன் இறைச்சிக் கூடத்தில் வேலை பார்த்தவர். கிட்டார் கலைஞர் டோனி ஐயோமி தகரத் தொழிற்சாலைத் தொழிலாளி. பதினேழு வயதில், அந்த வேலையின் கடைசி நாளன்று, இயந்திரம் அவருடைய வலக்கையின் இரண்டு விரல் நுனிகளைத் துண்டித்தது. அவர் இடக்கைக்காரர், தந்திகளை அழுத்த வேண்டியதே அந்த வலக்கைதான். பிளாஸ்டிக் பாட்டிலை உருக்கி விரலுக்கு உறை செய்துகொண்டார். மெல்லிய தந்திகளைப் பூட்டினார். பின்னர் தந்திகளின் இழுவிசையைத் தளர்த்திச் சுருதியையும் இறக்கினார். உலகம் பிறகு 'மெட்டல்' என்று அழைத்த அந்தக் கனத்த ஒலியில் ஒரு தொழிலாளியின் சிதைந்த விரல்கள் இருக்கின்றன.

நொறுங்கிப்போயிருந்த அவரைத் திரும்ப கிட்டார் எடுக்க வைத்தது ஜாங்கோ ரைன்ஹார்ட்டின் இசைத்தட்டு. தீ விபத்தில் இரண்டு விரல்கள் முடங்கிய பிறகும் வாசித்த மேதை அவர். ஐரோப்பா நூற்றாண்டுகளாக ஊருக்கு வெளியே நிறுத்திய ரோமா மக்களில் ஒருவர்.

இன்னொரு வேர் அமெரிக்கக் கறுப்பின மக்களின் ப்ளூஸ். மெட்டலுக்கு முன்னோடிகளில் ஒன்றான 'லெட் செப்பலின்' மீது, மிசிசிப்பியில் பிறந்த ப்ளூஸ் பாடலாசிரியர் வில்லி டிக்சன் 1985இல் வழக்குத் தொடுத்தார். 'ஹோல் லாட்டா லவ்' பாடலில் தன் பாடல் இருக்கிறது என்றார். 1987இல் சமரசம் ஆனது. டிக்சனின் பெயரும் பாடலில் ஏறியது. பாட்டு வெளிவந்தது 1969இல். நடுவில் கழிந்த ஆண்டுகளில் அவர் பெயர் எந்தப் பட்டியலில் இருந்தது?

வினாடி வினா இந்த இடத்தில்தான் தோற்றுப்போகிறது. எந்த ஆண்டில் எந்த ஆல்பம், எந்தச் சுற்றுப்பயணத்தில் யார் டிரம்ஸ் என்று அது கேட்கும். யாருடைய உழைப்பு, யாருடைய பெயர் விடுபட்டது என்று கேட்பதற்கு அந்த வடிவத்தில் இடம் கிடையாது. மூன்று வெள்ளை ஆண்கள் நடுவர்களாக அமர்ந்திருக்கும் மேசையில் அந்தக் கேள்வி இல்லாததே இயல்பாகத் தோன்றும். அவர்கள் கெட்ட மனிதர்கள் என்பதல்ல பிரச்சினை. தங்களுக்குப் பிடித்ததையே முழு வரலாறாகப் பேசும் வசதி அவர்களுக்குக் கிடைத்திருந்தது என்பதுதான்.

எடி ட்ரங்க் பல ஆண்டுகளாக எழுப்பிய ஒரு புகாரைப் பாருங்கள். 'ராக் அண்ட் ரோல் ஹால் ஆஃப் ஃபேம்' மெட்டல் குழுக்களை மதிப்பதில்லை என்றார். நியாயமான புகார்தான். முதல் பதிவு வெளிவந்து 25 ஆண்டுகள் ஆனால் தகுதி உண்டு என்பது அங்கே விதி. 1974இல் முதல் ஆல்பத்தை வெளியிட்ட 'ஜூடாஸ் பிரீஸ்ட்' குழுவுக்கு 2022இல்தான் கதவு திறந்தது. அதே மண்டபம்தான், மின் கிட்டாரை முன்னோடியாக வாசித்த கறுப்பினப் பெண் சிஸ்டர் ரொசெட்டா தார்ப்பை 2018இல் சேர்த்துக்கொண்டது. அவர் இறந்தது 1973இல். முதல் அநீதிக்குக் கொதித்த ரசிகர்களில் எத்தனை பேர் இரண்டாவதற்குக் கொதித்தார்கள்?

வாசலில் நிறுத்தப்பட்டவர்களே தங்களுக்குப் பின்னால் ஒரு வாசலைக் கட்டிக்கொள்வது நமக்குப் பழகிய காட்சி. சாதியும் இனமும் ஒன்றல்ல. ஆனால், படிநிலை எப்படி உயிர் வாழ்கிறது என்று அம்பேத்கர் சொல்லித் தந்திருக்கிறார்: மேலே இருப்பவர் மீது மனக்குறை உள்ளவருக்கும் கீழே தள்ள ஒருவர் கிடைத்துவிடுகிறார். 1985இல் நியூயார்க்கில் வெர்னான் ரீட் உள்ளிட்டோர் 'பிளாக் ராக் கோயலிஷன்' தொடங்க வேண்டியிருந்தது இதனால்தான். கறுப்பர்களுக்கு ராக் எதற்கு என்று இசை நிறுவனங்கள் நினைத்தன. அவருடைய 'லிவிங் கலர்' குழு 1990இல் ஹார்ட் ராக் பிரிவில் கிராமி விருது வாங்கிக் காட்டியது. தங்கள் பாட்டன்மார் கட்டிய வீட்டுக்குள் நுழைய விருதைக் காட்ட வேண்டியிருந்தது.

அரட்டை நிகழ்ச்சிகளே வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. 1998இல் 'ஜூடாஸ் பிரீஸ்ட்' பாடகர் ராப் ஹால்ஃபோர்ட், எம்டிவி பேட்டி ஒன்றில்தான் தன்னை ஒரு தன்பாலீர்ப்பாளர் என்று அறிவித்தார். தோல் உடையும் ஆணிப் பட்டையுமாக மெட்டல் ஆண்மைக்கே உருவம் கொடுத்தவர் அவர். அதுவரை தன்னை மறைத்துக்கொண்டே மேடையேறியவர். ஒரு கேமராவும் ஒரு நாற்காலியும் அந்தப் பேச்சுக்கு இடம் தந்தன. உலகம் இடிந்து விழவில்லை. ரசிகர்கள் அவரோடுதான் நின்றார்கள். ஆக, இடம் கொடுத்தால் இந்த இசை தாங்கும்.

மெட்டல் கேளுங்கள், தோழர்களே, சத்தமாகவே கேளுங்கள். அடுத்தமுறை யாராவது தலைசிறந்த ஐந்து என்று பட்டியலை நீட்டினால், அந்தப் பட்டியலோடு சண்டை போடுவதற்கு முன் அதை எழுதும் நாற்காலியைப் பாருங்கள். அதில் யார் உட்கார்ந்திருக்கிறார், யார் இன்னும் வாசலில் நிற்கிறார் என்று கேளுங்கள். ஐயோமியின் விரல்களுக்கும் டிக்சனின் பெயருக்கும் நாம் செய்யக்கூடிய மரியாதை அந்தக் கேள்விதான்.