பழங்கருவிக்கோர் திட்டிவாயில்

உலகில் வழங்கும் பொருள்கள் இருவகையாற் பயனொழிவன. தாமே தேய்ந்து கெடுதல் ஒருவகை. தாம் கெடாதிருப்பவும், தம்மைச் சூழ்ந்தவை மாறிவிட்டமையாற் பயன்படாதொழிதல் மற்றொருவகை. முன்னது இயற்கை, அதற்கு இரங்குவார் இலர். பின்னதோ ஆராய்தற்குரியது. திரை ஒளிர்கின்றது; பொத்தான்கள் இயங்குகின்றன; மின்கலமும் மின்னேற்றத்தைத் தாங்குகின்றது; ஆயினும் வீட்டிலுள்ள வைஃபையோடு இணைய மட்டும் கருவி மறுக்கின்றது. இத்தகைய பழைய கையடக்கக் கருவிகள் எத்துணையோ இல்லங்களில் மேசை இழுப்பறைகளில் உறங்கிக் கிடக்கின்றன. அவற்றை எறிந்துவிடுதல் தகுமோ, அன்றி வீட்டுக் கணினியின் இணையத்தை அவற்றோடு கம்பியின்றிப் பகிர்ந்துகொள்ளுதல் தகுமோ, பகிர்வதாயின் எம்முறையாற் பகிர்தல் வேண்டும் என்பனவே ஈண்டு யாம் ஆராயப் புகுந்த பொருள்.

பொதுப்படக் கூறுதலினும் ஒரு கருவியை எடுத்துக்கொண்டு கூறுதல் தெளிவு பயக்கும். 2004 ஆம் ஆண்டில் ஜப்பானிய நிறுவனமாகிய நிண்டெண்டோ, டிஎஸ் என்னும் விளையாட்டுக் கருவியை வெளியிட்டது. இரண்டு திரைகளும் மடித்து மூடும் அமைப்பும் உடைய அக்கருவியும் அதன் வழிவந்த வகைகளுமாக 15 கோடிக்கு மேற்பட்டவை விற்பனையாயின. அது கம்பியின்றிப் பேசும் முறை, 802.11பி என்னும் 1999 ஆம் ஆண்டின் தரநெறி. அது அறிந்த மறையாக்கப் பூட்டோ வெப் என்பது ஒன்றே. வெப் என்பது, வைஃபை வழியே செல்லுஞ் செய்திகளைப் பிறர் படியாவண்ணம் மறைத்தற்கு முதன்முதல் வகுக்கப்பட்ட பூட்டு.

இப்பூட்டின் வரலாறு நோக்கத்தக்கது. 2001 ஆம் ஆண்டிலேயே ஃப்ளூரர், மாண்டின், ஷமீர் என்னும் அறிஞர் மூவர், வெப் திறவுகோல்களை ஆளும் முறையிலேயே குற்றம் உண்டென்று கணித வழியால் நிறுவினர். 2004 ஆம் ஆண்டில் டபிள்யூபிஏ2 என்னும் வலிய பூட்டு வழக்கிற்கு வந்தது. 2007 ஆம் ஆண்டில் ஜெர்மனியின் டார்ம்ஸ்டாட் நகரத்துப் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர், வெப் பூட்டை ஒரு நிமிடத்திற்குள் திறந்துவிடலாம் என்று காட்டினர். இன்று அதனைப் பூட்டென்று கூறுதல் பெயரளவேயன்றிப் பொருளளவில் அன்று.

ஈண்டு ஒன்று கருதுதல் வேண்டும். பூட்டின் குற்றம் வெளிப்பட்டது 2001 இல். கருவி கடைக்கு வந்தது 2004 இல். ஆகவே, அக்கருவி மூப்பினால் வலியிழந்தது என்பார் கூற்று முற்றும் பொருந்தாது. பழுதென்று அறியப்பட்ட பூட்டோடே அது பிறந்தது. அன்றியும், இணையத்தோடு இணைதற்கு வேண்டிய நிரல் ஒவ்வொரு விளையாட்டின் அட்டைக்குள்ளேயும் பதிக்கப்பட்டிருந்தமையால், பின்னர்த் திருத்துதற்கும் வழியில்லாது போயிற்று. 2008 இல் வெளிவந்த டிஎஸ்ஐ என்னும் கருவி புதிய பூட்டை அறிந்திருந்தும், அதில் இட்ட பழைய விளையாட்டுக்கள் பழைய பூட்டையே நாடின. குற்றம் சமைத்தாரிடத்ததாக, அதன் தண்டம் கருவிக்கும் அதனை வாங்கினார்க்கும் ஆதல் முறையன்று.

இனி, இவ்விடர்க்கு மக்கள் மேற்கொள்ளும் தீர்வுகள் இரண்டு. ஒன்று, கருவியைத் துறத்தல். மற்றொன்று, கருவியின்மீதுள்ள விருப்பினால் வீட்டு ரூட்டரின் பூட்டையே வெப் ஆகத் தாழ்த்திவிடுதல். முன்னது ஈகையற்ற செயல். பின்னது அறிவற்ற செயல். ஒரு விருந்தினன் குனிய மாட்டாதவன் என்பதற்காகத் தலைவாயிற் கதவையே கழற்றி வைப்பார் உளரோ? "வங்கி முதலியவற்றின் பக்கங்கள் தமக்கெனத் தனிப் பூட்டுடையன அல்லவோ? ரூட்டரின் பூட்டுத் தாழ்ந்தால் வரும் கேடென்னை?" என்று வினவுவார் உளர். அப்பக்கங்கள் தனிப் பூட்டுடையன என்பது மெய்யே. ஆயினும் வீட்டு வலைக்குள் நுழைந்த அயலான் அவற்றையே நாடவேண்டுவதில்லை. பொதுவில் வைத்த கோப்புகளும், அச்சுப்பொறியும், காவற் காமிராவும், ரூட்டரின் அமைப்புப் பக்கமும் அவன் கைக்கு எட்டுவனவாகும். அவ்விணைப்பின் வழியே அவன் செய்யுந் தீமையும் வீட்டுடையார் பெயரிலேயே நிற்கும். ஒரு பிள்ளையின் ஒருமணி நேர விளையாட்டிற்காக இல்லத்தார் அனைவரையும் இவ்விடர்க்கு உட்படுத்துதல் தகாது.

ஆதலின் மூன்றாவது வழியொன்று வேண்டும். அதுவே வீட்டுக் கணினியை இடையே நிறுத்துதல். ரூட்டரினின்றும் கம்பிவழியே கணினி இணையத்தைப் பெறுகின்றது. பெற்றதனைத் தன்பாலுள்ள கம்பியில்லா அட்டையின் வழியே கருவிக்கு வழங்குகின்றது. கருவி விடுக்குஞ் செய்தியை வாங்கித் தன் முகவரியை இட்டு வெளியே போக்குவதும், மறுமொழி வந்தக்கால் அஃது இன்னாருக்குரியது எனத் தான் குறித்துவைத்ததனை நோக்கி உரியவரிடம் சேர்ப்பதும் கணினியின் வேலை. தமிழிலக்கணம் பயில்வார்க்கு இது புதுமையன்று. இரண்டு உயிர்கள் தம்முள் நேரே பொருந்தாவிடத்து யகரமோ வகரமோ இடையே தோன்றி இரண்டனையும் உடம்படுத்துகின்றது. 'மணி'யும் 'அழகு'ம் கூடி 'மணியழகு' ஆதல் காண்க. நிலைமொழியும் கெடவில்லை; வருமொழியும் கெடவில்லை. கணினியும் இவ்வாறே ஓர் உடம்படுமெய்யாய் நின்று, புதிய ரூட்டரைத் தாழ்த்தாமலும் பழைய கருவியைத் தள்ளாமலும் இரண்டனையும் இணைக்கின்றது.

இஃது எமது கற்பனையன்று. இணையத்தைப் பிற கணினிகளோடு பகிரும் வசதி, 1999 இல் வெளிவந்த விண்டோஸ் 98 இன் இரண்டாம் பதிப்பிலேயே இடம்பெற்றது. நிண்டெண்டோ நிறுவனமுங்கூட, 2005 இல் யுஎஸ்பி துளையிற் செருகத்தக்க சிறு கருவியொன்றை விற்றது. விண்டோஸ் எக்ஸ்பி இயங்கும் கணினியில் அதனைச் செருகினால், கணினியின் இணையம் டிஎஸ் கருவிக்குக் கம்பியின்றிக் கிட்டும். கணினியுடையார் இசைவு தந்த கருவியே உட்புகும். தலைவாயிலை மாற்றாது திட்டிவாயில் அமைத்தலே தக்கது என்பதற்கு, சமைத்தாரே தந்த சான்றாக இதனைக் கொள்ளலாம்.

இற்றை நாளில் அது கைகூடுமோ எனின், கருவிக்கேற்ப விடை வேறுபடும். டபிள்யூபிஏ2 அறிந்த பழைய கைப்பேசியாயின், விண்டோஸ் 10 முதலியவற்றிலுள்ள மொபைல் ஹாட்ஸ்பாட் என்னும் வசதியே போதும். பழங்கருவிகள் பல 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையையே அறியுமாதலின், அவ்வரிசையைத் தெரிந்தெடுத்தல் வேண்டும். டிஎஸ் போன்று வெப் மட்டும் அறிந்த கருவிக்கு அவ்வசதி உதவாது. லினக்ஸ் இயங்கும் கணினியொன்றில், ஹோஸ்ட்ஏபிடி என்னும் மென்பொருளைக் கொண்டு, அதற்கிசைந்த கம்பியில்லா அட்டையைச் சிறியதொரு நிலையமாக்கி, பூட்டின்றித் திறந்து வைத்தால் கருவி இணையும். பழுதுற்ற பூட்டை இட்டுப் பாதுகாப்பென்று மயங்குதலினும், பூட்டில்லை என்றறிந்து விழிப்போடிருத்தல் நன்று.

அவ்விழிப்பிற்கு மூன்று நெறிகள் உள. முதலாவது, திட்டிவாயில் வேண்டும்பொழுதே திறக்கப்படுதல் வேண்டும்; விளையாட்டு முடிந்தவுடன் பகிர்வையும் முடித்தல் வேண்டும். இரண்டாவது, அவ்வாயில் தெருவிற்கு மட்டும் வழிவிடுதல் வேண்டும். கணினி வீட்டு வலையிலும் அங்கமாயிருத்தலின், வாளா விட்டால் அவ்வழி வந்தவர் உள்ளறைகளுக்கும் செல்லக்கூடும். எனவே வீட்டின் பிற கருவிகளுக்கும் அக்கணினிக்குங்கூடச் செல்லாவண்ணம், ஃபயர்வால் என்னும் காவல் நிரலில் தடைவிதி எழுதுதல் இன்றியமையாதது. மூன்றாவது, பழங்கருவியில் எந்தக் கடவுச்சொல்லையும், பணம் பற்றிய எந்தச் செய்தியையும் இடலாகாது. இம்மூன்றனையும் கைக்கொள்ள மாட்டாதார் பகிராதிருத்தலே நலம்.

"இத்துணைப் பாடுபட்டுப் பெறும் பயன் யாது?" என்பார்க்கும் விடை கூறுதல் எம் கடன். பயன் பெரிதென்று மிகைப்படுத்திக் கூறேம். நிண்டெண்டோ தன் கருவிகளை உலகெங்கும் இணைத்துவந்த சேவையை 2014 மே 20 ஆம் நாள் நிறுத்திவிட்டது. இணையப் பக்கங்கள் இன்று கையாளும் மறையாக்க நெறிகளையும் இப்பழங்கருவிகள் அறியா. அவற்றுள் பழையனவாகிய டிஎல்எஸ் 1.0, 1.1 என்பன 2021 இல் முறைப்படி விலக்கப்பட்டன. ஆகவே இணைப்புக் கிட்டிய பின்னரும் பெரும்பான்மையான பக்கங்கள் திறவா. எனினும், நிறுவனம் கைவிட்ட அவ்வாண்டே ஆர்வலர் சிலர் விம்ஃபி என்னும் மாற்றுச் சேவையைத் தாமே நிறுவினர். சேய்மையிலுள்ள இருவர் அதன்வழித் தம் பழங்கருவிகளிற் கூடி விளையாடுதல் இயல்வதாயிற்று. இளையோன் ஒருவனுக்கு அண்ணனிடமிருந்து வந்த கருவியே உடைமையாயிருக்குமாயின், புதியதொன்றைப் பொருள்கொடுத்து வாங்காமல் தோழனோடு ஆடும் இன்பம் சிறிதன்று. உடன் கிடைக்கும் கல்வியோ அதனினும் பெரிது. முகவரி யாது, பூட்டு யாது, காவல் யாது என்பனவற்றைப் புத்தகத்திற் படித்து மறப்பார் பலர். தம் கையாலேயே ஒரு திட்டிவாயில் அமைத்தார் அவற்றை மறவார்.

நண்பர்காள்! புதியதைப் போற்றுதற்குப் பழையதை இகழ்தல் வேண்டுவதில்லை. பழையதைப் போற்றுதற்குப் புதியதைத் தாழ்த்துதலும் வேண்டுவதில்லை. இணங்கிச் செல்லுங் கடமை வலியுடையதற்கே உரியது. ஆற்றல் மிக்க கணினி அதனைச் செய்ய வல்லது, ஆற்றல் குறைந்த கருவி மாட்டாது. கருவி சமைப்பார்பால் யாம் வேண்டுவது இதுவே: பூட்டுக்கள் என்றேனும் பழுதுபடும் என்பதனை முன்னரே உளங்கொண்டு, பின்னாளில் மாற்றத்தக்கனவாக அவற்றை அமைமின், சேவையை நிறுத்தும் நாளில், பிறர் அதனைத் தொடர்தற்கு வேண்டிய குறிப்புக்களை மறையாது வெளியிடுமின். இல்லத்தார்பால் வேண்டுவதும் ஒன்றுண்டு. இழுப்பறையில் உறங்குங் கருவியை எறியுமுன், அதற்குக் கேடு வந்தது தன்னாலோ பிறராலோ என்று ஒருகால் எண்ணிப் பார்மின். பிறரால் எனின், தலைவாயிலை உறுதியாகத் தாழிட்டுத் திட்டிவாயிலைச் சிறிதுபொழுது திறமின். விளையாட்டு முடிந்ததும் அதனையும் மறவாது அடைமின்.