என்டரை நாலு தரம் அமத்தினால் ஆரின்ட பிழை?



இந்த வார எபிசோட்டில் விண்டோ ஈவென்ட் பற்றிக் கதைத்தோம்: கிளிக், கீபோர்ட், விண்டோவை மூடுவது, ஈவென்ட் லூப். "இது முதலாம் வருஷப் பாடம்தானே" என்று சிலருக்குத் தோன்றும். எனக்கு அப்படித் தோன்றவில்லை. காசுக் கணக்கு எழுதுகிற புரோகிராமில் ஒரு பட்டன் எத்தனை தரம் வேலை செய்யும் என்பது, கவுண்டரில் நிற்கிற ஆளின் மானத்தோடு சம்பந்தப்பட்ட விஷயம்.

2015இல் ஸ்கொட்லாந்தின் டல்மெலிங்டனில் நடந்ததைப் பாருங்கோ. தபாற்கந்தோருக்கு வந்த 8,000 பவுண் காசை ஹொரைசன் சிஸ்டத்தில் பதிய வேண்டும். என்டர் அமத்தினால் திரை அசையவில்லை. திரும்ப அமத்தினார். திரை அப்படியே நின்றது, ஆனால் பின்னால் ஒவ்வொரு அமத்தலும் ஒரு புதுப் பதிவாகிக்கொண்டிருந்தது. 8,000 பவுண் நாலு தரம் பதிவாகி, இல்லாத 24,000 பவுண் கணக்கில் ஏறிவிட்டது. தேடிப் பார்த்தபோது, 2010 முதல் 2015 வரை இப்படி 112 சம்பவங்கள் அகப்பட்டன. 2019 டிசம்பரில் நீதிபதி ஃபிரேசர் கொடுத்த தீர்ப்பில் உள்ள பிழைப் பட்டியலில் இதுவும் ஒன்று.

"பாவிக்கிற ஆள் பொறுமையா இருக்க வேணும்" என்ற வாதத்தை நான் ஏற்கவில்லை. லிஃப்ட் வராவிட்டால் நாங்கள் எல்லோரும் பட்டனை இரண்டாம் தரம் அமத்துகிறோம். அது மனுச இயல்பு. அதை எதிர்பார்த்து எழுதுவதுதான் எங்கள் தொழில்.

எங்கள் சொந்த புரோகிராம்களில் இது எப்படி வரும்? விண்டோஸில், விண்டோவை உருவாக்கிய திரெட்டுக்கு ஒரு மெசேஜ் கியூ உண்டு. கிளிக்கும் என்டரும் அதில் வரிசையில் நிற்கும். ஹேண்ட்லருக்குள்ளேயே நெட்வேர்க் வேலையைச் செய்தால் கியூ நகராது. ஆள் அமத்துவதெல்லாம் சேர்ந்து, வேலை முடிந்ததும் ஒன்றன்பின் ஒன்றாக ஓடும். இன்னொன்று: திரையைத் திரும்ப வரையச் சொல்லும் பெயின்ட் மெசேஜ், கியூவில் வேறு எதுவும் இல்லாதபோதுதான் வரும். அதாவது கீ முதலில், படம் கடைசியில். திரையில் தெரிவதும் உள்ளே நடப்பதும் வேறு வேறாக இருக்கலாம்.

ஆகவே மூன்று காவல் வேண்டும். ஒன்று, ஹேண்ட்லரின் முதல் வரியிலேயே பட்டனை முடக்குங்கோ. என்டர் கீ வேறு வழியால் அதே ஃபங்ஷனைக் கூப்பிட்டால் அந்த வழியையும் அடையுங்கோ. இரண்டு, நீண்ட வேலையை வேறு திரெட்டுக்கு அனுப்பி, "பதிவாகிறது" என்று திரையில் காட்டுங்கோ. அந்த நேரத்தில் ஆள் விண்டோவை மூடப்போனால், மூடும் ஈவென்டைப் பிடித்து முதலில் கேளுங்கோ. மூன்றாவதுதான் முக்கியம்: ஒவ்வொரு பரிவர்த்தனைக்கும் ஒரு ஐடி கொடுத்து, அதே ஐடி திரும்ப வந்தால் சேர்வர் மறுக்க வேண்டும். டல்மெலிங்டன் காசுப் பைக்கு பார்கோட் இருந்தது. ஒரே பார்கோட் இரண்டாம் தரம் வரும்போதே மறுத்திருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும்.

வெம்பிளியில் இருந்து ஏன் இதைச் சொல்கிறேன்? இந்த நாட்டில் எங்கட ஆட்கள் கனபேர் கடை நடத்துகிறார்கள். கடைக்குள்ளேயே தபாற்கந்தோர் கவுண்டர் இருப்பதும் இங்கே சாதாரணம். 1999 முதல் 2015 வரை ஹொரைசன் தரவை நம்பி 900க்கு மேற்பட்டவர்கள் குற்றவாளிகளாக்கப்பட்டார்கள். அவர்களின் தீர்ப்புகளை ரத்துச்செய்ய 2024இல் தனிச்சட்டமே தேவைப்பட்டது. அந்த வழக்குகளுக்கெல்லாம் டல்மெலிங்டன் பிழைதான் காரணம் என்று நான் சொல்லவில்லை. ஹொரைசனில் வேறு பிழைகளும் இருந்தன. ஆனால் இங்கிலாந்து நீதிமன்றங்களில், பிழை என்று காட்டும்வரை கொம்பியூட்டர் சரியாகவே வேலை செய்தது என்றுதான் எடுத்துக்கொள்வார்கள். கடைக்காரர் எங்கள் கோடைப் பார்க்கவே ஏலாது. பிறகு அவர் எதைக் காட்டுவது?

இந்தக் கிழமை ஒரு சோதனை செய்யுங்கோ. சேமிக்கிற ஃபங்ஷனுக்குள் 10 செக்கன் தாமதம் போட்டு, என்டரை அஞ்சு தரம் அமத்துங்கோ. பிறகு டேட்டாபேஸில் எத்தனை வரி இருக்கு எண்டு எண்ணுங்கோ. ஒன்றுக்கு மேல் இருந்தால் ரிலீஸை நிப்பாட்டுங்கோ. கணக்கை எங்களுக்கும் எழுதி அனுப்புங்கோ, அடுத்த எபிசோட்டில் கதைப்போம்.